பாலைப் படங்களும் ஆற்றுப்படை மரபும்

பரிசில் பெற்று மீள்வான் ஒருவன், பெறாது வாடி எதிர்ப்படுவான் ஒருவனுக்குத் தான் சென்ற நெறியை அறிவுறுத்துவது ஆற்றுப்படை. இதன் இயல்பு தொல்காப்பியப் புறத்திணையியலில் கூறப்பட்டுள்ளது. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. புரவலர் பெருமை, பாணர் வாழ்வு, நிலவளம் என்னும் தலைப்புகளில் இவற்றை ஆராய்ந்தோர் பலர். கண்டவன் காணாதவனுக்கு நிலத்தைச் சொல்லால் ஆக்கித் தரும் கலை என்ற அளவில் நோக்கினோர், யாம் அறிந்தவரை, சிலரே. அவ்வளவுகோலைக் கொண்டு இக்காலத்துச் செயல் ஒன்றை ஈண்டு ஆராய்வாம். அஃதாவது, பாலை நிலத்தே ஊர்தி செலுத்தி மீண்டோர் தாம் எடுத்த ஒளிப்படங்களை இணையதளத்தில் இட்டுப் பிறர்க்குக் காட்டுதல். ஊர்திப் பந்தயத்திற்கும் தமிழ்த்துறைக்கும் என்ன இயைபு என்று வினவுவார் உளராயின், சென்றவன் செல்லாதவனுக்கு உரைக்குமிடமெல்லாம் நமக்குரிய இடமே என்பது எம் விடை.

பாலைப் பந்தயங்களுள் தலைமை சான்றது டக்கார் ராலி. தியரி சபீன் என்பவர் வகுத்த இந்நெடுவழிப் பந்தயம் 1978 திசம்பர் 26இல் பாரிசில் தொடங்கி ஆப்பிரிக்காவின் டக்காரை நோக்கிச் சென்றது. 2009 முதல் 2019 வரை தென்னமெரிக்காவிலும், 2020 முதல் சவூதி அரேபியாவிலும் நடைபெற்று வருகிறது. 2015இல் சி. எஸ். சந்தோஷ் இப்பந்தயத்தை முடித்த முதல் இந்தியர் ஆனார். இதில் எம் கருத்தை ஈர்ப்பது விரைவன்று. ஊர்வோர் கையில் தரப்படும் வழிக்குறிப்பேடே. எத்தனையாவது கிலோமீட்டரில் எப்பக்கம் திரும்புவது, எத்திசைக் கோணத்தில் செல்வது, எங்கே பள்ளம் என்பனவெல்லாம் அதில் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். இடரின் கடுமையை ஒன்று, இரண்டு, மூன்று என வியப்புக்குறிகள் உணர்த்தும். முன்பு தாள்சுருளாக இருந்த அவ்வேடு அண்மை ஆண்டுகளில் மின்திரையாக மாறியுள்ளது. எவ்வடிவினதாயினும், சென்று கண்டோர் பின் வருவோர்க்கு இயற்றிய ஆற்றுப்படையே அது. அவ்வேட்டால் வழி கண்டு மீண்டோர் தம் படங்களை இணையதளத்தில் அடுக்குமிடத்து, வருவோர்க்கு அன்னதோர் ஏடு வையாது விடுதலே யாம் எடுத்துக்கொண்ட குறை.

நம் நாட்டிலும் இதற்கு இலக்காயதோர் இடம் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில், கொளக்காநத்தத்தை அடுத்த காரையில், மரமின்றி ஓடையறுத்துக் கிடக்கும் களிமண் நிலம் பரந்துள்ளது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகட்கு முன் அது கடலடியாய் இருந்தது. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிப் பாறைகளை பிளான்ஃபோர்டு என்னும் நிலவியலார் 1862இல் வகைப்படுத்தினார். அங்குக் கிடைத்த உயிர்ப்படிவங்களை ஸ்டோலிக்சுகா என்பார் 1860களிலும் 1870களிலும் விரித்தெழுதினார். இன்றோ இருசக்கர ஊர்தியில் செல்லும் இளைஞர் பலர் காரையைப் படமெடுத்துத் ‘தமிழகத்தின் பாலைவனம்’ எனப் பெயர் சூட்டி இணையத்தில் பகிர்கின்றனர்.

இப்பக்கங்கட்குப் பார்வையற்ற முதுகலை மாணவர் ஒருவர் வருகிறார் எனக் கொள்வோம். திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கும் மென்பொருளே அவர்க்குக் கண். 2006இல் தோன்றி விலையின்றி வழங்கப்பெறும் என்விடிஏ போல்வன அத்தகையன. படத்தொடு மாற்றுரை இணைக்கப்பட்டிருப்பின் மென்பொருள் அதனை ஒலிக்கும். இல்லையேல் ‘படம்’ என்று மட்டும் சொல்லும். அன்றிக் கோப்பின் பெயராய் நின்ற எழுத்தையும் எண்ணையும் ஒவ்வொன்றாய் ஒப்பிக்கும். நாற்பது படம் உள்ள பக்கத்தில் நாற்பது முறை ‘படம்’ எனக் கேட்டவர் எப்பாலையைக் கண்டவராவார்? அடுத்த படத்திற்குச் செல்லும் அம்புக்குறி சுட்டிக்கே இயங்கி விசைப்பலகைக்கு இயங்காதாயின் அவர் முதற்படத்திலேயே நின்றொழிவர். தலைப்பைப் படமாக எழுதிவிட்டாலும், ஒருங்குறிக்கு முந்திய பழைய எழுத்துருவில் தமிழை அச்சிட்டாலும், குரல் வாராது. வரினும் பொருளற்ற ஒலியாய் வரும். சொல்ல வாயிருந்தும் சொல்லாது விட்ட வழிகாட்டியின் குறை இது.

இங்கு மலைபடுகடாத்தை நினைத்தல் தகும். 583 அடிகளால் இயன்ற அப்பாட்டில் பெருங்கௌசிகனார், நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழியின் இடர்களை ஒவ்வொன்றாய் எடுத்துரைக்கிறார். பன்றிக்கு வைத்த பொறி, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல், பாம்பு உறையும் இடம், கால் வழுக்கும் இடம் ஆகியன எவையும் விடப்படவில்லை. பந்தய ஏட்டின் வியப்புக்குறிகளை இவ்வடிகளின் பக்கத்தே வைத்துப் பார்க்கலாம். அதனினும் சிறந்தது ஒன்றுண்டு. மலையை யானையாகவும், அதன்கண் பிறக்கும் பல்வேறு ஓசைகளை அதன் கடாமாகவும் உருவகித்தமையாலேயே பாட்டு அப்பெயர் பெற்றது. அருவியும் குறவரும் விலங்கும் உலக்கையும் எழுப்பும் ஒலிகளை அடுக்கிச் செல்லும் அப்பகுதியில், ஒரு நிலம் முழுதும் செவிக்கே தரப்படுகிறது. கண்ணற்றவர்க்கென அவர் பாடினாரல்லர். எனினும், கேட்போன் அவ்விடத்தைக் காணவில்லை என்பதை ஒருகணமும் மறவாது பாடினார். படம் பகிர்வோரிடம் யாம் காணாதது இந்நினைவே.

இனிப் படத்தின்கீழ் எழுதப்படும் தொடர்களை நோக்குவோம். ‘அழகிய காரை’, ‘வியத்தகு காட்சி’, ‘தமிழகத்தின் பாலைவனம்’ என்றாற்போல்வனவே பெரும்பாலன. முதலிரண்டும் எழுதியோரின் உவகையைச் சொல்கின்றனவேயன்றி நிலத்தைச் சொல்லவில்லை. மூன்றாவது பொய். மழையற்ற நிலமன்று காரை. அங்குள்ள ஓடைகளையெல்லாம் அறுத்தது மழையே. தாவரம் பற்றாத களிமண்ணில் பெருமழை வழிந்தோடியதால் அமைந்தது அத்தோற்றம். மாவட்டமோ மக்காச்சோளமும் பருத்தியும் விளைவது. சிலப்பதிகாரம், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவே பாலை எனக் காடுகாண் காதையில் விளக்குகிறது. அங்குத் திரிபுக்குக் காரணம் வெயில், காரையிலோ நீர். மழை செய்த நிலத்தை மழையிலா நிலம் என்று காட்டப் படத்தால் இயலும், வயலை விளிம்புக்கு வெளியே நிறுத்திவிட்டால் போதும். சொல்லால் விளக்கப் புகுவோர்க்கு அது எளிதன்று. ‘ஓடை’ என்று எழுதிய கை, அதனை எது அறுத்தது என்று கேட்கும். ஆதலின் பார்வையற்றவர் பொருட்டு எழுதும் மாற்றுரை, பார்வையுள்ளவரின் மயக்கத்தையும் களைவதாகும். இதுவே யாம் வற்புறுத்த விழைவது.

‘கிளைத்தோடும் ஓடைகளுக்கிடையே ஆளுயரத்தை விஞ்சிய களிமண் மேடுகள், மரம் ஒன்றுமில்லை, தரையில் சிதறிய ஜிப்சத் தகடுகள் வெயிலில் வெள்ளொளி வீசுகின்றன, அவற்றிடையே விரல்பருமனில் கூர்முனையுடைய பெலெம்னைட்டுப் படிவம் ஒன்று, வலக்கோடியில் நிற்கும் ஊர்தி மேட்டின் பாதி உயரமும் இல்லை’ என ஒரு படத்திற்கு எழுதலாம். இதற்கு இரண்டு நிமிடத்திற்கு மேல் செல்லாது. ஸ்டோலிக்சுகா தம் நூலில் அச்சுப்படங்களைச் சேர்த்ததோடு அமையாது, ஒவ்வொரு சிப்பியின் வடிவையும் வரியையும் சொல்லாலும் வரையறுத்தார். படம் சிறந்ததாதலின் சொல் வேண்டா என அவர் கருதிற்றிலர்.

படத்தின் சுவை சொல்லில் கெடும் என்பர் சிலர். மூலத்தின் சுவை உரையில் கெடும் என்றும் ஒருகாலத்துச் சொல்லியிருத்தல் கூடும். நச்சினார்க்கினியர் உரை இன்றேல் பத்துப்பாட்டுள் எத்துணை அடிகள் நமக்கு விளங்கும்? சுருக்கமான மாற்றுரைக்கும் நீண்ட விளக்கத்திற்கும் இடையே இணையத்தார் காணும் வேறுபாட்டை நம்மவர் பொழிப்பு, அகலம் எனப் பண்டே கண்டனர். அவ்வுரையொடு பத்துப்பாட்டை 1889இல் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் இளமையில் தமிழ் பயின்றதும் இம்மண்ணிலேதான். அரியலூரில் சடகோபையங்காரிடம் பாடங்கேட்டதையும் குன்னத்தில் வாழ்ந்ததையும் அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

இவையெல்லாம் அருளின்பாற்பட்டன என்று எண்ணுதலும் இனி இயலாது. படத்திற்குச் சொல்மாற்று வேண்டும், விசைப்பலகையால் எல்லாம் இயங்கவேண்டும் என்னும் விதிகள் உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டியின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே உள்ளன. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னூடகத்தை அவர்கள் அணுகத்தக்க வடிவில் தருமாறு பணிக்கிறது. மின்வழி அணுகல் வாழ்வுரிமையின் கூறு என உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பார்வைக் குறையுடையோர் நாட்டில் ஏறத்தாழ 50 இலட்சம். தனியொருவர் பொழுதுபோக்காய் நடத்தும் படப்பக்கத்தின்மேல் வழக்குத் தொடுப்பது எம் கருத்தன்று. எழுதப்பழகிய நாம் அவர்க்கு எழுதிக் காட்டலாம். காரைக்கும் சாத்தனூர்க் கல்மரத்திற்கும் வாரணவாசி அருங்காட்சியகத்திற்கும் மாணவரை அழைத்துச் செல்லும் துறைகள் ஆளுக்கொரு படத்திற்கு மாற்றுரை எழுதுவதைப் பயிற்சியாக வைக்கலாம். நடையியல் பாடத்திற்கு இதனினும் நல்ல தேர்வு அரிது. 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தை ‘மிகப் பெரிது’ என எழுதும் மாணவர்க்கு மதிப்பெண் குறைத்தல் வேண்டும்.

பிறரைக் குறை கூறும் நாமும் ஒன்று காண்டல் வேண்டும். நம் துறைசார் ஆய்விதழ்களின் பழைய தொகுதிகள் பல, பக்கங்களை ஒளிப்படமாக எடுத்த வடிவிலேயே இணையத்தில் ஏற்றப்பட்டுள்ளன. எழுத்தாக மாற்றப்படாமையின் குரல்மென்பொருளுக்கு அவை வெற்றுத்தாளே. மலைபடுகடாத்து ஓசைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றும் அவற்றிடையே ஒலியின்றிக் கிடத்தல் கூடும்.