மலையிறங்கிய எஞ்சின்கள்

வேல்ஸ் நாட்டின் டினோர்விக் கற்பலகைக் குவாரி 1969-இல் மூடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஏலம். ஹன்ஸ்லெட் கம்பெனியின் குட்டி நீராவி எஞ்சின்களும் விலைக்கு வந்தன. இரண்டடி அகலம்கூட இல்லாத தண்டவாளத்தில் ஓடியவை, அத்தனை அழகு!

ஏலம் கேட்பது ஒரு நிமிஷ வேலை. ஊர் கொண்டுசேர்ப்பதுதான் பெரும்பாடு. 'ஆலிஸ்' என்ற எஞ்சின் குவாரியின் 'ஆஸ்திரேலியா' எனப்படும் மேல்தளத்தில் அநாதையாகக் கிடந்தது. அப்படிப்பட்ட உயரத்திலிருந்து இறக்குவதென்றால், துருவேறிய போல்ட்டுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருந்து, கொதிகலன் தனி, சட்டம் தனி, சக்கரம் தனி எனக் கழற்றி, வடம் கட்டி அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். அந்தப் பொறுமைக்கு என் வணக்கம்.

ஏலத்தில் வாங்கிய மூன்று நீராவி எஞ்சின்களோடு லான்பெரிஸ் ஏரிக்கரை ரயில் 1971-இல் தொடங்கியது. அந்தப் பக்கம் போனால் ஏறிப் பாருங்கள்.