ஊழியமும் பணிவிடையும்: தமிழ் விவிலியத்தில் வீட்டுவேலையின் பெயர்கள்

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் வரும் மார்த்தாள், மரியாள் நிகழ்ச்சி (38–42) ஐந்தே வசனங்களில் முடிந்துவிடுகிறது. வீட்டுவேலைக்குச் சமய மதிப்பு உண்டா என்ற வினா எழும்போதெல்லாம் கிறித்தவ மரபு இப்பகுதிக்கே திரும்பி வந்திருக்கிறது. விருந்தினராக வந்த இயேசுவின் காலடியில் அமர்ந்து மரியாள் கேட்கிறாள். மார்த்தாள் விருந்தோம்பும் வேலைகளில் அலைக்கழிந்து முறையிடுகிறாள். மரியாளின் தெரிவே நல்லது என்பது அவளுக்குக் கிடைக்கும் விடை. இதனால் மரியாள் பக்திக்கும் மார்த்தாள் உலகக் கவலைக்கும் குறியீடாக நிலைபெற்றனர். தமிழ்ச் சூழலில் இவ்வாசிப்பு வலுப்பெற்றதில் மொழிபெயர்ப்புச் சொல்லாட்சிக்கும் பங்குண்டு. விவிலிய மொழிபெயர்ப்பு பற்றிய தமிழாய்வுகள் வடசொல் கலப்பு, உரைநடை வளர்ச்சி ஆகியவற்றில் காட்டிய அக்கறையை இத்தகைய சொற்தெரிவின் மீது போதிய அளவு செலுத்தவில்லை.

மார்த்தாளின் வேலையைக் குறிக்க லூக்கா 10:40இல் கிரேக்க மூலம் ஆளும் சொல் ‘தியாகோனியா’. இதே சொல் திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில் இருமுறை வருகிறது: முதல் வசனத்தில் விதவைகளுக்கான அன்றாட உணவுப் பங்கீட்டையும், நான்காம் வசனத்தில் திருத்தூதரின் இறைவார்த்தைப் பணியையும் அது குறிக்கிறது. இரு நூல்களின் ஆசிரியரும் ஒருவரே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஆகவே விருந்தோம்பல், உணவுப் பங்கீடு, போதனை ஆகிய மூன்றையும் லூக்கா ஒரே பெயரால் அழைக்கிறார்.

ஹென்றி பவர் தலைமையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாகி, சீர்திருத்தச் சபைகளில் இன்றும் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் இந்த ஒருமை மறைந்துவிடுகிறது. அங்கே மார்த்தாள் செய்வது ‘வேலை’. விதவைகளுக்கு நடப்பது ‘விசாரணை’. திருத்தூதர் செய்வது ‘ஊழியம்’. தமிழ் வாசகர் இம்மூன்றையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்த வழியில்லை. மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்திலும் இப்பிளவு தெரிகிறது. வனாந்தரத்தில் தேவதூதர் இயேசுவுக்குச் செய்தது (1:13) ஊழியம். காய்ச்சல் நீங்கி எழுந்த சீமோனின் மாமியார் செய்தது (1:31) பணிவிடை. மூலத்தில் இரண்டும் ஒரே வினை.

இதைப் பெண்ணுக்கு எதிரான சார்பு என்று உடனே முடிவுகட்டுவது அவசரமாகும். அதே மொழிபெயர்ப்பு, தம் உடைமைகளால் இயேசுவைத் தாங்கிய கலிலேயப் பெண்களின் செயலை (லூக்கா 8:3) ஊழியம் என்றே சொல்கிறது. கெங்கிரேயாவின் பெபேயாளை (உரோமர் 16:1) ஊழியக்காரி என்கிறது. மத்தேயு 4:11இல் தேவதூதர் செய்வதும் பணிவிடைதான். லூக்கா 22:27இலோ இயேசு தம்மையே பணிவிடை செய்பவராகக் கூறுகிறார். எனவே கோடு ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே கிழிக்கப்படவில்லை. பெண் வழியிலும் சபையிலும் செயற்படும்போது ‘ஊழியம்’ கிடைக்கிறது. அவள் தன் வீட்டுக்குள் செய்தால் அது பணிவிடையாகவோ வேலையாகவோ நின்றுவிடுகிறது. கோடு வீட்டு வாசலில் விழுகிறது.

இன்னொரு நியாயமும் மொழிபெயர்ப்பாளர் பக்கம் உண்டு. அவர்கள் காலத்தில் ‘ஊழியம்’ உயர்ந்த சொல்லாக இருக்கவில்லை. இரண்டு எசமானரைப் பற்றிய வசனத்தில் (மத்தேயு 6:24) அடிமை தன் தலைவனுக்குச் செய்வதைக் குறிக்கும் வேறொரு கிரேக்க வினைக்கும் இச்சொல்லையே அவர்கள் ஆண்டனர். திருவிதாங்கூரில் ஊழியம் என்பது ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது சுமத்தப்பட்ட கூலியில்லாக் கட்டாய வேலையின் பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் கிறித்தவருக்கு அவ்வேலையிலிருந்து விலக்கு வேண்டும் என்று மிஷனரிகள் போராடிய வரலாறு நன்கு அறியப்பட்டது. அச்சொல்லே பின்னாளில் மேடை ஏறி, ‘முழுநேர ஊழியம்’, ‘ஊழியக்காரர்’ என்னும் வழக்குகளில் மதிப்பின் உச்சத்தை அடைந்தது. கூலியில்லா வேலையைக் குறித்த சொல் அடுப்படியைக் கடந்து சென்றுவிட, கூலியில்லாமல் அன்றாடம் நடக்கும் வேலை மட்டும் பின்தங்கிவிட்டது. தமிழ்ச் சமயச் சொற்களின் வரலாற்றில் இதைவிடக் கசப்பான இடப்பெயர்ச்சி அரிது.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு இப்பிளவைப் பெருமளவு சரிசெய்கிறது. மார்த்தா புரிவதும் பணி; திருத்தூதர் நிலைத்திருக்க விரும்பும் இறைவார்த்தையும் பணி. மாற்கு முதல் அதிகாரத்தில் வானதூதருக்கும் மாமியாருக்கும் ‘பணிவிடை’ பொதுவாகிறது. மாமியார் ‘அவள்’ என்பதிலிருந்து ‘அவர்’ ஆகிறார். எனினும் மாற்கு 10:45இல் மானிட மகனுக்குரிய சொல் ‘தொண்டு’. அங்கே ஒரு படி இன்னும் எஞ்சியிருக்கிறது.

சொல்லைத் திருத்துவதோடு சிக்கல் தீர்வதில்லை என்பதை விளக்கவுரை மரபு காட்டுகிறது. புனித அகுஸ்தீன் மார்த்தாளில் இம்மை வாழ்வையும் மரியாளில் மறுமை வாழ்வையும் கண்டார். மார்த்தாளின் வேலை நல்லது, ஆனால் கடந்துபோவது. மெய்ஸ்டர் எக்கார்ட் இதைத் தலைகீழாக்கி, மார்த்தாளே முதிர்ந்தவள், மரியாள் இன்னும் கற்கத் தொடங்குபவள் என்றார். அவிலா தெரேசாள், ஆண்டவருக்கு இடமளிக்க இருவரும் சேர்ந்தே தேவை என்று எழுதினார். சமையலறைப் பாத்திரங்களுக்கிடையிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று தம் சகோதரிகளுக்கு நினைவூட்டியவரும் அவரே. இவர்களில் எக்கார்ட்டும் தெரேசாளும் மார்த்தாளின் மதிப்பை மீட்டனர். ஆனால் அவள் எழுப்பிய முறையீட்டை ஒருவரும் நேராக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த முறையீடு வேலையைப் பற்றியதன்று. ‘தனியே’ விடப்பட்டதைப் பற்றியது. இச்சொல் இரு தமிழ் மொழிபெயர்ப்புகளிலும் சேதமின்றி நிற்கிறது. இயேசுவின் விடையும் கவலையையும் கலக்கத்தையும் சுட்டுகிறதேயன்றி, ‘தியாகோனியா’வைப் பழிக்கவில்லை. வேலையை யார் முடிப்பது என்பதற்கு விடை தராமலே லூக்கா காட்சியை முடிக்கிறார்.

அவ்விடை திருத்தூதர் பணிகள் 6இல் கிடைக்கிறது. அங்கும் அதே மோதல்: இறைவார்த்தை ஒரு பக்கம், பந்தி மறுபக்கம். பந்தியைக் கவனிக்கத் தங்களால் இயலாது என்று திருத்தூதர் சொன்னபோது அவர்களைக் கவலைப்படுவோர் என்று எவரும் கடியவில்லை. நற்பெயரும் ஞானமும் உள்ள ஏழு ஆண்கள் தெரிந்தெடுக்கப்பட்டு, செபித்துக் கைகள் வைத்து அமர்த்தப்பட்டனர். உணவு பரிமாறல் சபையின் பொது விவகாரமானதும் அதற்கு ஏழு பேரும் ஒரு சடங்கும் கிடைத்தன. வீட்டுக்குள் அதே பணியைச் செய்தவள் கேட்டது ஒரே ஒரு துணைக்கை. இவ்விரு பகுதிகளையும் சேர்த்து வாசிக்காத வீட்டுவேலை இறையியல் எதுவும் அரைகுறையே.

இங்குதான் ‘வீட்டுவேலையும் வழிபாடே’ என்னும் இக்காலப் போதனையை ஐயத்தோடு அணுக வேண்டியுள்ளது. இதற்குப் பெரிதும் எடுத்தாளப்படும் கொலோசையர் 3:23, செய்வது எதுவாயினும் ஆண்டவருக்கென்று செய்யச் சொல்கிறது. முந்தைய வசனத்தைப் பார்த்தால் அது அடிமைகளை நோக்கிய அறிவுரை என்பது தெளிவாகும். இல்லத்தரசியைப் பெருமைப்படுத்தத் தெரிவுசெய்த வசனம் அவளை யாரோடு நிறுத்துகிறது என்று போதகர் எண்ணிப் பார்ப்பதில்லை. வேலை புனிதம் என்ற புகழ்ச்சி, அது ஒருத்தியின் தலையில் மட்டும் ஏறியிருப்பதை மறைக்கும் திரையாக எளிதில் மாறிவிடும்.

மார்ட்டின் லூதர் 1522இல் திருமண வாழ்வு பற்றி எழுதிய நூலில் இதற்கு மாற்றான ஒரு காட்சி உண்டு. குழந்தையின் அழுக்குத் துணியைத் துவைப்பது இறைவனுக்கு உகந்த செயல் என்று காட்ட அவர் நிறுத்துவது தாயை அன்று, தந்தையை. ஊரார் அவனைப் பெண்பிள்ளை வேலை செய்பவன் என்று எள்ளலாம். விசுவாசத்தோடு செய்தால் இறைவன் தம் தூதரோடு அவனைப் பார்த்து மகிழ்வார் என்பது அவர் வாதம். பெண்ணின் இடம் பற்றி லூதர் கொண்டிருந்த பிற கருத்துகளை ஏற்க இயலாதவரும் இவ்வெடுத்துக்காட்டின் கூர்மையை மறுக்க இயலாது. லூதரைப் பின்பற்றித் தரங்கம்பாடியில் காலூன்றிய தமிழ் லுத்தரன் மரபின் மறையுரைகள் இத்தந்தைக்கு எந்த அளவு இடமளித்தன என்பது தனி ஆய்வுக்குரியது.

யோவான் 12:2இல் மார்த்தாள் மீண்டும் பரிமாறுகிறாள். இலாசரு பந்தியில் இருக்கிறான். மரியாள் பரிமளத் தைலத்தோடு வருகிறாள். முந்தைய அதிகாரத்தில் (11:27) இயேசுவே மெசியா, இறைமகன் என்று அறிக்கையிட்டவளும் இவளே. இவ்விருந்தில் அவள் முறுமுறுக்காததால் லூக்காவில் பெற்ற பாடத்தைக் கற்றுக்கொண்டாள் என்று சொல்வது மறையுரை வழக்கம். யோவான் அப்படி எதையும் சொல்லவில்லை. பழைய மொழிபெயர்ப்பில் அவள் அங்கும் செய்வது பணிவிடைதான். மூலத்தில் அது பெபேயாளுக்கு ‘ஊழியக்காரி’ என்ற பெயரைத் தந்த அதே வேர்ச்சொல்.