கால்பந்து மேலாளர் விளையாட்டுகள்: ஒரு மதிப்பீடு

கால்பந்து மேலாளர் விளையாட்டு என்பது, ஆடுபவர் பந்தைத் தொடாமலேயே ஒரு கால்பந்துக் கழகத்தை நடத்திச் செல்லும் கணினி விளையாட்டு வகையாகும். வீரர்களை வாங்குவது, விற்பது, பயிற்சியை வகுப்பது, யாரைக் களமிறக்குவது என்று தீர்மானிப்பது ஆகியவையே இதில் வேலை. அதன்பின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இடையில் ஆளை மாற்றலாம், உத்தியை மாற்றலாம், அவ்வளவுதான். புதிதாகப் பார்ப்பவருக்கு இது கணக்குப்பிள்ளை உத்தியோகம் போலத் தோன்றும். திரை முழுவதும் அட்டவணைகளும் எண்களும்தான். பகலெல்லாம் அலுவலகத்தில் இருந்துவிட்டு வந்தவர், இரவில் இன்னோர் அலுவலகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவது ஏன் என்று வீட்டார் வியப்பதில் நியாயம் உண்டு.

இங்கிலாந்தின் கெவின் டாம்ஸ் 1982இல் வெளியிட்ட 'ஃபுட்பால் மேனேஜர்' இவ்வகையின் முன்னோடி. சிறிய வீட்டுக் கணினிகளுக்காக எழுதப்பட்டது. அதன் ஒரு வடிவத்தில் கோலுக்கு அருகே குச்சி மனிதர்கள் ஓடுவார்கள். 1992இல் பால் கோலியர், ஆலிவர் கோலியர் என்ற சகோதரர்கள் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' விளையாட்டைக் கொண்டு வந்தனர். அதன் முதல் பதிப்பில் இருந்த வீரர்கள் கற்பனைப் பெயர் கொண்டவர்கள். உண்மையான வீரர்கள் அடுத்த பதிப்பில்தான் வந்தனர். பின்னர் சகோதரர்களின் ஸ்போர்ட்ஸ் இண்டராக்டிவ் நிறுவனம் பழைய பதிப்பாளரைப் பிரிந்து, 2004 முதல் சேகா நிறுவனத்தின் வழியாக 'ஃபுட்பால் மேனேஜர்' என்ற பெயரிலேயே தன் விளையாட்டை வெளியிடத் தொடங்கியது.

எழுத்தும் காட்சியும்

பழைய பதிப்புகளில் ஆட்டம் என்பது வெறும் எழுத்து. யாரிடம் பந்து, யார் உதைத்தார், பந்து வெளியே போனதா என்று ஒவ்வொரு வரியாகத் திரையில் மின்னி மறையும். வானொலியில் வருணனை கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இந்த அனுபவம் புதிதல்ல. காதில் விழும் சில சொற்களிலிருந்து ஒரு மைதானத்தையே மனம் கட்டிக்கொள்ளும். 2003இல் வீரர்கள் புள்ளிகளாக நகரும் காட்சி வந்தது. 2008 இறுதியில் வந்த பதிப்பில் முப்பரிமாண உருவங்கள் வந்தன. உத்தி எங்கே பிழைத்தது என்று கண்ணால் காண முடிந்தது உண்மையிலேயே முன்னேற்றம்தான். ஆனால் அந்த உருவங்களின் அசைவு தொலைக்காட்சி ஆட்டத்தோடு ஒப்பிடப்பட்டு எப்போதும் தோற்றே நிற்கிறது. எழுத்துக்கு அந்தச் சங்கடம் இருந்ததில்லை. 2001இல் வெளியான 01/02 பதிப்பை இன்றும் புதிய வீரர் பட்டியலோடு ஆடிக்கொண்டிருப்பவர்கள் இருப்பதற்குப் பழம்பெருமை மட்டும் காரணமாகாது.

செய்தியாளர் சந்திப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கேள்விகள், ஒரே விடைகள். பலர் அவற்றைத் துணைப் பயிற்சியாளரிடம் ஒப்படைத்துவிடுகின்றனர்.

மறைந்திருக்கும் எண்

இந்த விளையாட்டின் உயிர் அதன் தரவுத்தளத்தில் இருக்கிறது. பந்தைக் கடத்துவது, தலையால் முட்டுவது, துணிவு, உறுதி என ஒவ்வொரு பண்புக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண். பல நாடுகளில் ஆட்டங்களை நேரில் பார்க்கும் ஆர்வலர்கள் இவற்றைத் திரட்டித் தருகின்றனர். இத்தரவைப் பயன்படுத்திக்கொள்ள இங்கிலாந்தின் எவர்ட்டன் கழகமே 2008இல் ஒப்பந்தம் செய்துகொண்டது என்றால் அதன் தரத்தை ஊகிக்கலாம்.

ஆனால் ஆடுபவர் கண்ணில் படாத ஓர் எண் உண்டு. ஒவ்வொரு வீரரும் அதிகபட்சம் எவ்வளவு உயரலாம் என்பதை 200க்கு இவ்வளவு என்று முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறார்கள். நல்ல பயிற்சி, போதிய ஆட்டங்கள், காயமின்மை எல்லாம் அமைந்தால் வீரர் அந்த எல்லையைத் தொடலாம், தாண்ட முடியாது. சில இளைஞர்களுக்கு மட்டும் எண்ணுக்குப் பதிலாக ஒரு வரம்பு தரப்பட்டிருக்கும். ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கும்போதெல்லாம் அவர்களின் தலையெழுத்து அந்த வரம்புக்குள் புதிதாக எழுதப்படும். ஒரு மாணவன் பள்ளியில் சேரும் நாளிலேயே அவன் பெறக்கூடிய உச்ச மதிப்பெண்ணை எழுதிப் பூட்டி வைப்பதற்கு இது ஒப்பானது. விளையாட்டு நடக்க ஏதோ ஒரு கணக்கு தேவை என்பதை மறுக்க முடியாது. அந்தக் கணக்கு உயிருள்ள ஓர் இளைஞனின் பெயரில் இருக்கும்போதுதான் சிக்கல்.

01/02 பதிப்பில் டோன்டன் சோலா மௌகோகோ உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராக வளர்வார். உண்மையில் அவர் டெர்பி கவுன்டி கழகத்தின் இளையோர் அணியில் இருந்து, பின் ஸ்வீடனின் கீழ்நிலைப் பிரிவுகளில் ஆடியவர். செர்னோ சம்பா அதே பதிப்பில் கோல்களைக் குவிப்பார். நிஜத்தில் மில்வால் கழகத்தின் இளையோர் அணியிலிருந்து காதிஸ், பிளிமத் என்று அலைந்தார். காம்பியா நாட்டுக்காக ஆடினார் என்பதே ஒரு சாதனைதான். ஆனால் அவரைத் 'தோற்றுப்போன மேதை' என்று நினைவுகூர்பவர்களே அதிகம். ஓர் ஆர்வலர் போட்ட மதிப்பெண்ணை எட்டாதது அவர்களது தோல்வியாகுமா? அதே பதிப்பில் டோ மடெய்ரா என்ற போர்ச்சுகல் முன்கள வீரரும் உண்டு. கோல் அடிப்பதில் நிகரற்றவர். அப்படி ஒரு வீரர் உலகில் இல்லவே இல்லை. தரவு சேகரித்தவரின் கைவேலை அது. யாருக்கும் வலிக்காத பொய் அது ஒன்றுதான் எனலாம்.

பொழுதுபோக்காக இதன் சுவை வேறிடத்தில் இருக்கிறது. மறைந்த எண்ணை ஆடுபவருக்கு விளையாட்டு காட்டுவதில்லை. பயிற்சியாளர்களின் ஊகத்தை நட்சத்திரக் குறிகளாக மட்டுமே காட்டுகிறது. அந்தப் பயிற்சியாளர் திறமை குறைந்தவரானால் ஊகமும் பிழைக்கும். ஆகவே ஒரு பதினாறு வயதுச் சிறுவனை வைத்திருப்பதா, அனுப்பிவிடுவதா என்ற முடிவு ஆடுபவருடைய பொறுப்பாகிறது. தனியே விலைக்குக் கிடைக்கும் திருத்துகருவியை வாங்கி அந்த எண்ணைத் திறந்து பார்ப்போரும் உண்டு. கேள்வித்தாளை முன்னதாகவே பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவதில் என்ன சுகம் என்று தெரியவில்லை.

ஒரே ஆட்டத்தைப் பொறுமையாக இருபது பருவங்கள் நடத்திச் செல்பவர்கள் ஒரு மாற்றத்தைக் காண்பார்கள். உண்மை வீரர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுவார்கள். ஆண்டுதோறும் இளையோர் சேர்க்கை நாளில் கணினியே உருவாக்கிய புதிய சிறுவர்கள் வந்து சேர்வார்கள். மெல்ல மெல்லப் பட்டியல் முழுவதும் அவர்களாகவே ஆகிவிடும். 1992ஆம் ஆண்டின் முதல் பதிப்பைப் போல எல்லாம் மீண்டும் கற்பனைப் பெயர்கள். ஒப்பிட்டுப் பார்க்க வெளியே நிஜம் எதுவும் இல்லை. நீண்ட நாள் ஆடியவர்களிடம் பேசினால், அவர்கள் ஆசையோடு நினைவுகூர்வது பெரும்பாலும் இப்படி வந்த ஒரு சிறுவனைத்தான். நான்காம் பிரிவுக் கழகத்தில் பதினாறு வயதில் சேர்ந்து, முப்பத்தைந்து வயதுவரை வேறெங்கும் போகாமல் ஆடிய ஒருவனை.