வண்ணம் இழந்த புனிதர்கள்

'தென் ஜெர்மனி, 1500ஐ ஒட்டிய காலம். லிண்டன் மரம். முதுகு குடையப்பட்டது. வண்ணத்தின் எச்சங்கள் உண்டு.' ஐரோப்பிய ஏலக் கூடங்களில் பழைய மரச் சிற்பம் ஒன்று விற்பனைக்கு வரும்போது படத்தின் கீழே பெரும்பாலும் இப்படித்தான் எழுதியிருக்கும். காலம், மரம், ஊர் ஆகியவற்றை வைத்தே விலை பேசுகிறார்கள். கடைசியாகச் சொல்லப்படும் வண்ணமோ அந்தச் சிற்பத்தின் பாதி வரலாறு. இத்துறையின் அண்மைக்கால ஆய்வும் அந்தப் பக்கமே நகர்ந்திருக்கிறது.

ஸ்வாபியா, ஃபிராங்கோனியா பகுதிச் சிற்பிகள் லிண்டனை விரும்பியதற்குக் காரணம் அதன் சீரான, மென்மையான இழை. உளிக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். ஆனால் காயும்போது வெகுவாகச் சுருங்கும். நடுத்தண்டை விட்டுவைத்தால் வெடிக்கும். அதனால் பின்பக்கத்தைக் குடைந்து உட்பகுதியை எடுத்துவிட்டார்கள். பீடப் பேழைக்குள் நிற்கும் புனிதரின் முதுகை யாரும் பார்க்கப்போவதில்லை. கலை வரலாற்றாளர் மைக்கேல் பாக்ஸண்டால் 1980இல் வெளியிட்ட நூல், இச்சிற்பங்களின் ஆடை மடிப்புகள் சுழன்று விரிவதையும் மரத்தின் இந்தக் குணத்தோடு சேர்த்து விளக்கியது. இன்றும் இத்துறைக்குள் நுழைகிறவர்கள் அந்த நூலில்தான் தொடங்குகிறார்கள்.

செதுக்கி முடித்த சிற்பம் பல சமயம் வேறு ஒருவர் கைக்குப் போனது. வண்ணம் தீட்டுவது தனித் தொழில். முதலில் வஜ்ரப் பசையைக் காய்ச்சி மரத்துக்கு ஊட்டுவார்கள். கணுவிலும் இணைப்பிலும் துணிக்கீற்று ஒட்டுவார்கள். பிறகு சுண்ணமாவைப் பசையில் குழைத்துப் பல பூச்சு. காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்கி, இமையோரத்தையும் மயிர்ச்சுருளையும் அந்த வெள்ளைப் பூச்சிலேயே கூர்மையாக்குவார்கள். தங்கம் வரும் இடத்தில் செம்மண், அதன்மேல் தங்க ரேக்கு, கல்லால் தேய்த்து மெருகு. அங்கியின் உள்மடிப்புக்கு அசுரைட் நீலம். முகத்துக்கு ஈய வெள்ளையும் சிவப்பும் எண்ணெயில் கலந்த மேனி நிறம். வெள்ளீயத் தகட்டை அச்சில் அழுத்தி எடுத்து ஒட்டினால், மரத்தின் மேல் சரிகைப் பட்டு தோன்றிவிடும். லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் கிரெகோர் எர்ஹார்ட்டின் மக்தலேனா மரியாவைப் பார்த்தால் இந்த உழைப்பின் பயன் புரியும். தன் நீண்ட பொன்கூந்தலை மட்டுமே ஆடையாகக் கொண்டு நிற்கும் அவள் உடலுக்கு உயிர்த்தோற்றம் தருவது அந்த மேனி நிறம்தான்.

வண்ணத்தைப் பற்றிய விவாதம் அனைத்தும் வந்து சேரும் இடம் மியூனர்ஷ்டாட் என்ற சிற்றூர். அங்குள்ள தேவாலயத்துக்காகச் சிற்பி டில்மன் ரீமன்ஷ்னைடர் 1492இல் முடித்துக்கொடுத்த பீடம் வண்ணம் பூசாமலே நிறுவப்பட்டது. ஊராருக்கு அது போதவில்லை போலும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஃபைட் ஷ்டோஸ் அதற்கு வண்ணம் தீட்டினார். அவரே பெரும் சிற்பி. கிராக்கோவின் மாபெரும் பீடம் அவர் கைவேலை. நூரம்பர்கில் பத்திரம் ஒன்றைப் போலியாகத் தயாரித்ததற்காக 1503இல் அவரது இரு கன்னங்களிலும் சூடு போட்டார்கள். அந்நகரை விட்டு மியூனர்ஷ்டாட்டுக்கு வந்திருந்த நேரத்தில் கிடைத்த வேலை இது. அவர் தீட்டிய வண்ணமும் பின்னாளில் நீக்கப்பட்டது. பீடம் பிரிக்கப்பட்டு, அதிலிருந்த மக்தலேனா சிற்பம் மியூனிக்கிலும் நற்செய்தியாளர் நால்வரும் பெர்லினிலும் இருக்கிறார்கள்.

அப்படியானால் வெறும் மரமே ரீமன்ஷ்னைடரின் விருப்பமா? பழுதுபார்ப்பு வல்லுநர்கள் பரிசோதித்தபோது அவருடைய சிற்பங்களில் மெல்லிய பழுப்புப் பூச்சும், கறுப்புக் கண்மணியும், உதட்டில் சிவப்பும் தெரியவந்தன. யோஹனஸ் டாவ்பர்ட் 1978இல் வெளியிட்ட 'ஃபார்பிகே ஸ்குல்ப்டூரன்' என்ற நூல் இத்தகைய ஆராய்ச்சிக்குப் பெரும் ஊக்கம் தந்தது. வண்ணமின்மையும் திட்டமிட்ட ஒரு முடிப்புதான் என்பதே என் எண்ணம். வண்ணத்துக்கென்றே செதுக்கி, பின்னர் சுரண்டப்பட்ட சிற்பத்தை வண்ணமின்றியே முடிக்கப்பட்ட சிற்பத்தின் பக்கத்தில் நிறுத்தி 'இதுவும் இயல்பான மரம்' என்று விற்பது பெரிய அநீதி.

அப்படிச் சுரண்டப்பட்டவை ஏராளம். மதச் சீர்திருத்தத்தின்போது, 1531இல், உல்ம் நகரப் பெருங்கோயிலிலிருந்து படிமங்களை அப்புறப்படுத்தினார்கள். தப்பியவற்றின் மேல் பரோக் காலத்தில் புதுப் பூச்சு ஏறியது. 1803ஐ ஒட்டி மடங்கள் கலைக்கப்பட்டபோது புனிதர்கள் கூட்டமாகச் சந்தைக்கு வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ரசிகர்களுக்கு மரத்தின் நிறம் பிடித்தது; வண்ணம் கொச்சையாகப்பட்டது. காரநீரில் கழுவினார்கள், கத்தியால் சுரண்டினார்கள். மூலப் பூச்சில் மட்டும் இருந்த இமையின் கூர்மையும் அதோடு போயிற்று.

வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது மடிப்புகளின் ஆழத்தை. சுரண்டியவரின் கத்தி எட்டாத இடத்தில் வெள்ளைச் சுண்ணமும் ஒரு துளி நீலமும் ஒட்டியிருக்கும். உளுத்த மரத்தில் பூச்சி வெளியேறும் துளை வட்டமாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே ஓடும் வழி மேற்பரப்பில் நீளவாக்கில் திறந்து கிடந்தால், பழைய மரத்தைப் பின்னர் யாரோ செதுக்கியிருக்கிறார்கள் அல்லது மேற்பரப்பைச் சீவியிருக்கிறார்கள். ஓக் மரத்தைப் போல லிண்டனை வளர்ச்சி வளையங்களைக் கொண்டு எளிதில் காலம் கணிக்க முடியாது. ஆகவே பூச்சுகளின் அடுக்கு வரிசையே பல சமயம் நம்பத்தக்க சாட்சி.

இன்னொரு கேள்வியும் கேட்கப்பட வேண்டும்: 1933 முதல் 1945 வரை இது யாரிடம் இருந்தது? யூதச் சேகரிப்பாளர்களிடமிருந்து பறித்த, அல்லது நெருக்கடியில் விற்க வைத்த சிற்பங்கள் அந்த நாஜி ஆட்சிக் காலத்தில் பலமுறை கைமாறின. இப்படிப் பறிக்கப்பட்ட கலைப்பொருள்கள் குறித்து 1998இல் வாஷிங்டனில் 44 நாடுகள் ஏற்ற நெறிகள் சட்டமாகக் கட்டுப்படுத்துபவை அல்ல. தனியார் விற்பனையில் அவற்றின் பிடி இன்னும் தளர்வு. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு எழுத்துப்பூர்வமான பதில் தராத விற்பனையாளரிடம், வண்ணம் எவ்வளவு முழுமையாக இருந்தாலும், நான் வாங்கச் சொல்லமாட்டேன்.