வீட்டில் கட்டிய கிட்டார் பெடல்: ஒலிநிறத்தைத் தீர்மானிக்கும் மின்தேக்கி

கேரளத்தின் தென்கோடியில் குமரி மாவட்டத்தை ஒட்டியுள்ள காரக்கோணம் வட்டாரத்துத் தேவாலயங்களில், கிட்டார் பெரும்பாலும் கீபோர்டுக்கும் பேஸ் கிட்டாருக்கும் பாடகர் குழுவுக்கும் நடுவில்தான் ஒலிக்கிறது. அத்தகைய சூழலுக்கு வீட்டில் கட்டத்தக்க பெடல்களுள், 1979-ஐ ஒட்டி ஐபனீஸ் பெயரில் வெளிவந்த டியூப் ஸ்க்ரீமர் டிஎஸ்808-இன் மின்சுற்று முதலிடத்துக்கு உரியது. ஏனெனில் அடி ஒலிகளை அடக்கி நடு ஒலிகளை முன்னிறுத்தும் அதன் இயல்பு, பேஸுடன் மோதாமல் கிட்டாரைத் தனித்துக் கேட்கச் செய்கிறது. அந்த இயல்பு விலையுயர்ந்த பாகம் எதிலிருந்தும் வருவதில்லை, 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றிலிருந்தே பெரிதும் வருகிறது.

மின்தேக்கி, அதாவது கடையில் கண்டென்சர் என்று கேட்டு வாங்கும் பாகம், அதிர்வெண் குறையக் குறைய மின்னோட்டத்துக்குக் கூடுதல் தடையாக நிற்கும். இப்பெடலில் 4558 எனும் ஐசி, கிட்டாரின் சிறு சமிக்ஞையைப் பெருக்க, அதன் பின்னூட்டப் பாதையில் எதிரெதிராக வைக்கப்பட்ட இரு டயோடுகள் அலையின் முகடுகளை மழுக்கி, 'டிஸ்டார்ஷன்' எனும் கரகரப்பை உண்டாக்குகின்றன. பெருக்கத்தின் அளவை முடிவுசெய்யும் 4.7 கிலோஓம் மின்தடையோடு 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கி தொடராக அமைவதால், ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கம் படிப்படியாகச் சரிகிறது. பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் குமிழை முழுவதும் திருப்பிய நிலையில் 2,000 ஹெர்ட்ஸ் அருகே நூறு மடங்கைச் சற்றுக் கடக்கும் பெருக்கம், மிகத் தடித்த கம்பியின் 82 ஹெர்ட்ஸில் சுமார் 13 மடங்காகிவிடுகிறது. அடி ஒலி இதனால் மறைந்துபோவதில்லை. குறைவாகவே கரகரத்து, ஸ்வரக்கட்டுகள் கலங்காமல் வெளிவருகின்றன.

இந்த 0.047 மின்தேக்கியை அதன் இடத்தில் நேராகப் பற்றவைக்காமல், ஐசி சாக்கெட்டிலிருந்து வெட்டிய இரு துளைகளை மட்டும் பற்றவைத்துவிட்டால், கால்களைச் செருகியும் பிடுங்கியும் மதிப்புகளை ஒப்பிட முடியும். 473 என்று அச்சிட்டது 0.047, 104 என்று அச்சிட்டது 0.1 மைக்ரோஃபாரட்: முதல் இரு இலக்கங்களுக்குப் பின் மூன்றாவது இலக்கம் சொல்லும் எண்ணிக்கையில் சுழிகளைச் சேர்த்தால் பிகோஃபாரட் கணக்கு கிடைக்கும். 104-ஐச் செருகும்போது பெருக்கம் சரியத் தொடங்கும் எல்லை 340 ஹெர்ட்ஸுக்கு இறங்க, தடித்த கம்பியின் பெருக்கம் 28 மடங்காக உயர்ந்து, கிட்டார் சதைப்பிடிப்போடு ஒலிக்கிறது. தனியாக வாசிப்பவருக்கு இதுவே சிறந்தது. 224-க்கு, அதாவது 0.22-க்குச் சென்றால் மூன்று நான்கு கம்பிகளைச் சேர்த்து அடிக்கும்போது ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன; அதைப் பரிந்துரைப்பதற்கில்லை.

டயோடுகளுக்கு இணையாக நிற்கும் 51 பிகோஃபாரட் மின்தேக்கி உச்ச ஒலிகளின் கூர்மையைத் தணிக்கிறது. ஆனால் அதன் எல்லை குமிழைப் பொறுத்தது: குமிழ் உச்சத்தில் இருக்கையில் 5,700 ஹெர்ட்ஸ் அருகே தொடங்கும் தணிப்பு, குமிழை முழுவதும் குறைக்கும்போது செவி எட்டாத 60,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிவிடுகிறது. எனவே குறைந்த டிரைவில் வாசிப்பவர் இங்கே 100 பிகோஃபாரட் வைத்தாலும் வேறுபாட்டை உணரமாட்டார். உச்சத்தில் வாசிப்பவருக்கோ எல்லை 2,900 ஹெர்ட்ஸ் வரை இறங்குவதால் ஒலி மங்கும்.

மின்தேக்கியின் மூலப்பொருளைப் பற்றிய பேச்சு மதிப்பைப் பற்றிய பேச்சைவிட அதிகமாக நடப்பது வருந்தத்தக்கது. 0.047 நிற்கும் இடத்துக்குப் பாலியஸ்டர் மின்தேக்கி போதுமானது. மலிவான பீங்கான் வில்லைகளுள் சில தட்டினால் ஒலியெழுப்பக்கூடியவை, மதிப்பும் அச்சிட்டதிலிருந்து வெகுவாக விலகியிருக்கலாம் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நலம்.

ஆராதனைக்கும் தனிப் பயிற்சிக்கும் ஒரே பெடல் வேண்டுவோர் 0.047, 0.1 ஆகிய இரு மதிப்புகளையும் வைத்துக்கொள்ளலாம். இணையாகச் சேரும் மின்தேக்கிகளின் மதிப்புகள் கூடும் என்பதால், 0.047 நிலையாக இருக்க, 0.056 ஒன்றைச் சிறு சுவிட்ச் வழியே அதனுடன் சேர்த்தால் ஏறக்குறைய 0.1 கிடைத்துவிடும். சுவிட்ச்சின் இரு முனைகளுக்கும் குறுக்கே 1 மெகாஓம் மின்தடை ஒன்றை இட்டால், அந்த 0.056 மின்தேக்கி எப்போதும் மின்னேற்றத்தோடு இருந்து, மாற்றும்போது எழும் 'டப்' ஓசை அடங்கும்.