குழுவில் முடிவாகும் ஆர்டர்

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் முழுக்க ஒரே கூரையின் கீழ் உருவாவது குறைவு. நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் எல்லாம் வேறு வேறு பட்டறைகளில் ஜாப் ஒர்க்காக நடக்கும். முன்பு ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பைக்கில் அலைந்து இவற்றைக் கோத்தார். இன்று ஆர்டருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. சாயப்பட்டறையிலிருந்து துணி கிளம்பியதும் சலானின் படம் வந்துவிடுகிறது. தையல் யூனிட்காரர் அதைப் பார்த்து மறுநாளைக்கு ஆள் சொல்கிறார். நீடில் லைன் எனும் ஊசிக்கோடு விழுந்த துணியின் படம் வந்தால், அடுத்த ரோல் மேசைக்கு ஏறுமுன் கட்டிங் நிற்கிறது. பத்து மெஷின் வைத்திருப்பவருக்கும் செலவில்லாமல் கிடைத்த ஒருங்கிணைப்பு இது. இதைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை.

அந்த வேகம் தந்த தைரியத்தில், குழுவால் ஆகாத வேலையையும் அதன் தலையில் கட்டிவிட்டோம். நிறத்தையே எடுத்துக்கொள்வோம். ஒப்புதலுக்குத் தரும் சாய மாதிரியான லேப் டிப்பை டி65, டிஎல்84 விளக்குகள் உள்ள லைட் பாக்ஸில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்; பகலில் ஒத்துப்போகும் இரண்டு துணிகள் கடை விளக்கில் பிரிந்து தெரியலாம். செல்போன் கேமரா நிறத்தைத் தானே திருத்திக்கொள்கிறது. பார்க்கும் திரையும் ஆளுக்கொரு விதம். அந்தப் படத்தை நம்பி யாரோ கட்டைவிரல் குறி போடுகிறார், பட்டறையில் லாட் ஏறிவிடுகிறது. ஷேடு தவறென்று துணி திரும்பும்போது, அவர் பார்த்ததாகச் சொன்னாரா, சம்மதித்தாரா என்ற தகராறு தொடங்குகிறது.

அதில் தோற்பவர் பெரும்பாலும் ஜாப் ஒர்க் செய்தவர். அனுப்பியவர் தன் செய்தியை எல்லார் திரையிலிருந்தும் அழிக்க முடியும். 2023 முதல் 15 நிமிடத்துக்குள் திருத்தவும் முடியும். மின்னணுப் பதிவு நீதிமன்றத்தில் செல்லும் என்றாலும், அடுத்த ஆர்டருக்குக் காத்திருக்கும் சிறு பட்டறைக்காரர் அங்கே போகமாட்டார். பில்லில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிடுவார். வேகத்தின் பலன் மேலே இருப்பவருக்கும் பிழையின் செலவு கீழே இருப்பவருக்கும் போவதுதான் இந்த முறையின் பெரிய கோளாறு.

நேரக் கணக்குக்கும் இதே கதிதான். வேலை முடிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பிரான்ஸில் 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. அந்நாட்டுக் கடைகளுக்குத் துணி அனுப்பும் மெர்ச்சண்டைசரோ இரவு பதினொரு மணிக்கும் குழுவில் பதில் போடுகிறார்.

துணியின் நகர்வைச் சொல்லவும் பழுதைக் காட்டவும் குழு போதும். ஷேடு, அளவு, விலை, டெலிவரி தேதி மாறினால் திருத்திய ஆர்டர் கையெழுத்தோடு வந்தாக வேண்டும். ஒரு பட்டறை மட்டும் இதைக் கேட்டால் ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டும். பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கூட்டாக நடத்திவரும் சாயப்பட்டறைகளுக்கு அது முடியாத காரியமல்ல.