தாளத்துக்குச் சற்றுப் பின்னே

வயலின்தான் முதலில் வரும். நிதானமாக ஒரு முகப்பு வாசித்து முடித்ததும் ரெபானா என்ற தோல்வாத்தியம் சேர்ந்துகொள்ளும். தாளச் சுற்று முடிகிற இடத்தில் கோங் ஒரு தடவை அதிரும். இவ்வளவும் நிலைபெற்ற பிறகே பாடகி பாடத் தொடங்குகிறார். தொடங்கியவர் ரெபானாவோடு ஒட்டி நடப்பதில்லை. ஒரு சொல்லை இழுத்துக்கொண்டே போய், அடி விழுந்து முடிந்த பின்னால் அதன் கடைசி அசையை இறக்கி வைக்கிறார். டொண்டாங் சாயாங்கின் சுவை முழுவதும் இந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

மலாக்காவில் மலாய்க்காரர்கள், பாபா ஞோஞா, போர்த்துகீசிய வம்சாவளியினர், செட்டிகள் என்று நான்கு சமூகத்தாரும் பாடிவரும் கலை இது. 2018இல் யுனெஸ்கோ தன் மரபுக்கலைப் பட்டியலில் இதைச் சேர்த்தது. நான்கு சமூகங்களில் செட்டிகள் நம் உறவுக்காரர்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில், 15ஆம் நூற்றாண்டில், கடல் வணிகத்துக்கு வந்து இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழி வந்தவர்கள். வீட்டுப் பேச்சு மலாயாகி எத்தனையோ தலைமுறை ஆயிற்று. சைவத்தை மட்டும் விடவில்லை. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் மூர்த்தி கோவில் அவர்களுடையது. காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டி வீடுகளில் போகியன்று மூதாதையருக்கு வாழையிலையில் படையல் போடுகிறார்கள். அதே மக்கள் கல்யாண வீட்டில் மலாய்ப் பந்துன் பாடுகிறார்கள்.

பந்துன் நாலடிப் பாட்டு. ஒன்றாம் அடியும் மூன்றாம் அடியும், இரண்டாம் அடியும் நான்காம் அடியும் கடைசி ஓசையில் ஒன்றும். எதுகை மோனையென்று அடியின் தலையிலேயே இனிமையைத் தேடிப் பழகிய நம் காது இங்கே இயைபுக்காக அடியின் வால்வரை காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய காத்திருப்பு பொருளுக்காக. முதல் இரண்டடி பெம்பாயாங். அதில் ஒரு பறவை கரையை விட்டுப் பறக்கலாம், ஒருவர் சந்தைக்குப் போய் மாங்காய் வாங்கலாம். சொல்ல வந்த சேதி பின்னிரண்டு அடியில்தான் வரும். அரைகுறைப் பந்துன்களில் முன்பாதி வெறும் ஓசைக்காக நிற்கும். நல்ல பந்துனிலோ அந்தப் பறவையும் கரையும் சேதி வருவதற்கு முன்பே அதன் நிழலைக் காட்டிவிடும். தொல்காப்பியர் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் வகுத்ததைப் படித்தவருக்கு இந்த உத்தி அந்நியமல்ல. சங்கப் புலவர் குறிப்பைச் சொல்லாமலே விட்டுவிடுவார். பந்துன் கவி காக்கவைத்துச் சொல்வார். எனக்கு இரண்டும் வேண்டும்.

ஐரோப்பியர்களுக்கும் இது பிடித்துப் போயிற்று. விக்டர் ஹியூகோ 1829இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பின் குறிப்புகளில் ஒரு பந்துனின் மொழிபெயர்ப்பு இடம்பெற்றது. ரவேல் 1914இல் எழுதிய பியானோ மூவிசையின் இரண்டாம் பகுதிக்குப் பந்துனின் பெயரையே வைத்தார். ஆனால் டொண்டாங் சாயாங் கேட்கும்போது எனக்கு நினைவில் வருபவர் ரவேல் அல்ல, போலந்துக்காரர் ஷோபின்.

ஷோபின் ஐம்பதுக்கும் மேற்பட்ட மசூர்க்காக்களை எழுதினார். மசோவியா கிராமங்களின் மூன்றடி நடனம்தான் மசூர்க்கா. அழுத்தம் முதலடியில் விழும் என்று நாம் நினைத்திருக்க, அது இரண்டாம் அடிக்கோ மூன்றாம் அடிக்கோ நழுவிவிடும். இடக்கை தாளத்தைக் கட்டிக்காக்க வேண்டும், வலக்கை தயங்கலாம், முந்தலாம் என்று அவர் கற்றுத்தந்ததை அவருடைய மாணவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இடக்கை இருக்குமிடத்தில் ரெபானாவையும் வலக்கை இருக்குமிடத்தில் செட்டிப் பாடகியின் குரலையும் வைத்துக் கேட்டுப் பாருங்கள். தாளம் அசையாமல் நிற்பதால்தான் அந்தத் தயக்கம் நமக்குக் கேட்கிறது.

போலந்து 1795 முதல் 1918 வரை உலக வரைபடத்தில் தனி நாடாக இல்லை. ஷோபின் 1830 நவம்பரில் வார்சாவை விட்டுக் கிளம்பியவர், திரும்பவேயில்லை. 1849இல் பாரிசில் இறந்தார். பிறந்த மண்ணுக்கு மீள முடியாத கவி மிட்ஸ்கியெவிச் தம் காவியம் ‘பான் ததேயுஷ்’ நூலை 1834இல் அதே பாரிசில் வெளியிட்டார். நாடு போன பிறகு அந்த மக்கள் ஒன்றுகூடிய இடங்களில் பாட்டும் கவிதையும் முக்கியமானவை. செட்டிகளின் கதை வேறு. அவர்களை யாரும் நாடு கடத்தவில்லை. ஆனாலும் ஒரு கூட்டம் நாடோ மொழியோ கைநழுவிய பின்னும் தான் யார் என்பதை மறக்காமலிருக்க எதையெல்லாம் பற்றிக்கொள்கிறது என்று யோசிக்கையில் இந்த இரண்டு கூட்டங்களும் எனக்கு அருகருகே வந்து நிற்கின்றன.

வயலினைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலாக்காவுக்கு அது போர்த்துகீசியர் வழி வந்ததென்பார்கள். நம் கர்நாடக சங்கீதத்தில் பாலுஸ்வாமி தீட்சிதர் அதைக் கையில் எடுத்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கச்சேரியில் வயலின் பாடகரின் நிழல். பாடியதை அப்படியே திருப்பித் தரும். டொண்டாங் சாயாங்கில் அது நிழலாக இருப்பதில்லை. பாடகி இழுக்கும் இடத்தில் குறுக்கே ஒரு பதில் வைக்கும், அவர் மூச்சு வாங்கும்போது அடுத்த வரிக்கு வழி காட்டும். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும் இந்தக் கலையில் வயலினை மூன்றாவது பாடகர் என்றே சொல்வேன்.

மாறி மாறிப் பாடுவதுதான் இதன் உயிர். காதல் என்றோ ‘பூடி’ எனும் நற்பண்பு என்றோ ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஒருவர் பந்துன் விடுவார்; மற்றவர் அங்கேயே கட்டிப் பதில் சொல்ல வேண்டும். நீண்ட தாளமும் வயலினின் இடைவெளியும் பதிலை யோசிக்க அவகாசம் தருகின்றன. இசையின் நிதானத்துக்கு இப்படி ஒரு நடைமுறைக் காரணமும் இருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்து, சில நிமிடங்களில் மேடையில் முடித்துக்கொள்ளும்போது குரல் இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் பதில் என்ன வரப்போகிறதோ என்ற பதைப்பு போய்விடுகிறது. அது போனபின் எஞ்சுவது பாதிக் கலைதான்.

தோட்டத்துத் தமிழருக்கு இந்தப் பதைப்பு தெரியும். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பவர் 1896இல் ரப்பர் பயிரிட்டார்; பின்னர் புக்கிட் ஆசாகானிலும் மற்றத் தோட்டங்களிலும் பால்மரம் வெட்ட வந்தவர்கள் தெம்மாங்கையும் எசப்பாட்டையும் லயத்து வீடுகளுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கேயும் ஒருவர் சீண்டினால் இன்னொருவர் அதே மெட்டில் பதில் தரவேண்டும். செட்டிகளுக்கு நானூறு வருடம் பிந்தி வந்த இந்தத் தமிழர்களும் செட்டிகளும் ஒரே சாமியைக் கும்பிடுகிறார்கள். மாசி மகத்தன்று பொய்யாத விநாயகர் கோவிலிலிருந்து முருகன் ஊர்வலமாகச் செங்கில் உள்ள சன்னாசிமலைக்குப் போகும்போது இரு தரப்பாரும் ஒரே கூட்டத்தில் நடக்கிறார்கள். பாட்டில் மட்டும் இரு தரப்பும் அதிகம் சந்தித்துக்கொண்டதில்லை.

சந்திக்க முடியாது என்றில்லை. பந்துன் நம் பிள்ளைகள் பள்ளியில் மலாய்ப் பாடத்திலேயே படிப்பதுதான். ஒரு செட்டிப் பாட்டி மலாயில் ஒரு பந்துன் விட, தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெண் அதே தாளத்தில், இயைபு தவறாமல், தமிழில் பதில் கட்டிப் பாடுவதை நான் கேட்க வேண்டும். வயலின்காரர் அவளுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுப்பார்.